பச்சைப் பாதையில் ஒருவரும் இல்லை

அகிலன்,

நீ அனுப்பிய மின்னஞ்சலுக்கு வந்த பதில்களை நேற்று மத்தியானம் குசினி மேசையில் இருந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர் மலைக்கு வருகிறார்கள். கறுப்புப் பாதைக்கு இருபத்திரண்டு பேர், சிவப்புக்குப் பதினான்கு பேர், நீலத்துக்கு இரண்டு பேர். பச்சைக்கு ஒருவரும் இல்லை. பிழையாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு முறையும் எண்ணினேன். ஒருவரும் இல்லைத்தான். ஒஸ்லோவில் குரோருட் நிலையத்தில் ரயிலால் இறங்கி எங்கள் மாடிக்கட்டடத்துக்கு வருகிற சின்ன ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று, கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குகிறவர்கள் எல்லோரும் கறுப்பில் நிற்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவர்கள்மேல் கொஞ்சம், உன்மேல் நிறைய. யோசித்துப் பார்த்தால் என்மேல்தான் எல்லாவற்றையும்விடக் கூட வரவேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீ அந்த மின்னஞ்சலை எல்லோருக்கும் அனுப்பினாய். பதில்களும் எல்லோருக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே நானும் இதை எல்லோருக்கும்தான் அனுப்பப் போகிறேன். உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் பத்து வருடம் கடைசி வாங்கில் இருந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், வாசலில் ஆசிரியைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தவள் நான். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஒற்றை விரலால் தட்டுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்.

நீ போன ஆவணியில் ஒஸ்லோவை விட்டுப் போனாய். ஹலிங்டால் பள்ளத்தாக்கில், குளிர்காலத்தில் பனிச்சறுக்கவும் கோடையில் நடக்கவும் ஆட்கள் வருகிற அந்த மலைக்கிராமத்தில், சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கும் உடற்பயிற்சியும் படிப்பிக்கிறாய். விடுமுறையில் உல்லாசப் பயணிகளை மலைக்குக் கூட்டிப் போகிறாய். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதையெல்லாம் போன வருடமே சொல்லி முடித்துவிட்டேன். நீயும் கேட்டு முடித்துவிட்டாய். இந்த வருடம், 2008 கோடை முடிவதற்குள் எங்கள் ஆட்கள் எல்லோரையும் ஒரு நாளைக்கு அங்கே கூப்பிட்டு, நீ இருக்கிற இடத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். நல்ல ஆசை. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் நீ என்ன செய்தாய்? சறுக்குச் சரிவுகளுக்குப் போடுகிற அதே நாலு நிறங்களில் நாலு பாதைகளை எழுதி, ஒவ்வொருவரும் தன் உடம்புக்கு ஏற்றதைத் தெரிந்தெடுத்து எல்லோருக்கும் பதில் போடட்டும் என்றாய்.

பச்சை ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீற்றர். சமதரை, சரளைக்கல் போட்ட பாதை, குழந்தைவண்டியும் தள்ளலாம். நீலம் காட்டுக்குள்ளால் ஏறி, முன்பு கோடையில் மாடு மேய்த்த பழைய பண்ணைவீடு வரை. ஆறு கிலோமீற்றர், சதுப்பில் பலகை போட்டிருக்கிறது. சிவப்பு மரங்கள் முடிகிற இடத்துக்கும் மேலே, மலைமுதுகு வரை. கற்கள், ஓடையைத் தாண்ட வேண்டும், ஓரிடத்தில் பாறையோரமாகச் சங்கிலியைப் பிடித்துப் போக வேண்டும். கறுப்பு உச்சிக்கு, எட்டு மணித்தியாலம், பழகாதவர்கள் வேண்டாம். இதை நீ மிகத் தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் வாசித்தவர்களுக்கு அது பாதையாகத் தெரியவில்லை, பிள்ளை. பரீட்சை முடிவாகத் தெரிந்தது. கறுப்பு முதலாம் பிரிவு. பச்சை என்றால் பெயில். அதையும் நீ எல்லோருக்கும் முன்னால் அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லிவிட்டாய்.

அடுத்த நாளே தொலைபேசி தொடங்கிவிட்டது. முதலில் ஹவுகெட்டோவிலிருந்து செல்வராணி அக்கா. உன் வயதுக் கபிலனின் அம்மா.

"இஞ்சை பார் பிள்ளை, கறுப்புத்தானே ஆகப் பெரிசு?"

"பெரிசு எண்டில்லை அக்கா. கஷ்டம்."

"அதைத்தானே நானும் கேக்கிறன். கஷ்டமானதுதான் பெரிசு. கபிலன் மெடிசின் நாலாம் வருசம். அவனை நீலத்திலை போட்டால் சனம் என்ன நினைக்கும்?"

"கபிலன் இளம் பொடியன் அக்கா, அவன் நடப்பான். நீங்கள்?"

"நான் அவன்ரை தாய்தானே."

அவர் முதுகுவலிக்காகப் போன வருடம் மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் நின்றவர். அடுத்தது யோகன் அண்ணை. அறுபது வயது, பஸ் ஓட்டுகிறவர், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர். அவருக்கு நானே எடுத்தேன். தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, பச்சைப் பாதை ஏரிக்கரையில் நல்ல வடிவாக இருக்கும் அண்ணை என்றேன்.

"பச்சையிலை ஆர் ஆர் போகினம் தங்கச்சி?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னை மட்டும் ஏன் கேக்கிறாய்? நான் என்ன, பிள்ளைவண்டி தள்ளிற ஆளே?"

நீலத்துக்குப் பெயர் கொடுத்த இரண்டு பேர் யார் தெரியுமா? எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிற மீனாவும் அவள் கணவனும். கணினி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மாடிப்படியில் கண்டபோது கேட்டேன். "நாங்க நீலத்துலயே போறோம் ஆன்ட்டி. இவருக்கு மலையேறியே பழக்கம் இல்ல. பாதியில முடியலன்னா உங்க பையனுக்குத்தானே சிரமம்?" என்றாள். முப்பத்தெட்டுப் பேரில் உன்னைப் பற்றி யோசித்தது அவள் ஒருத்திதான். செல்வராணி அக்காவிடம் இதைச் சொன்னால், "அவையள் இந்தியாக்காரர், அவைக்கென்ன" என்றார். அது சரிதான். மீனாவோடு ஒன்றாகப் படித்தவர்களின் அம்மாக்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

"அம்மா, ஒவ்வொருத்தருக்கும் தங்கடை உடம்பு தெரியும்தானே."

"தெரியும். தெரிஞ்சதை எழுத்திலை ஆர் தருவினம்?"

"இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

"இஞ்சை எல்லாரும் எண்டால் ஆர்? செல்வராணியக்காவோ?"

"தெ கோர் பிரா, அம்மா."

எல்லாம் சரிவரும் என்று நோர்வேஜிய மொழியில் சொல்கிற அந்த மூன்று சொல்லோடு நீ எந்தக் கதையையும் முடித்துவிடுவாய். இந்த நாடு உனக்குக் கற்றுத் தந்த நல்ல பழக்கங்கள் பல இருக்கின்றன. இது அதில் இல்லை. சரிவராது, அகிலன். ஏனென்றால் கறுப்பில் பெயர் கொடுத்த இருபத்திரண்டு பேரில் உன் அப்பாவும் ஒருவர்.

அவர் பதில் போட்டதை நான் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? போன மார்கழியிலைதானே ஆஸ்பத்திரியிலை முழங்கால் வெட்டினது."

"வெட்டினபடியால்தானே இப்ப புதுசு மாதிரி இருக்கு."

"பஸ்ஸாலை இறங்கேக்கை கம்பியைப் பிடிச்சு ஒரு பக்கமாத்தானே இறங்கிறியள்!"

"ஏறிறதுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

"ஏறினால் இறங்க வேண்டாமே?"

"அதை அப்ப பாப்பம். பொடியன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போறான். தேப்பன் கீழை நிண்டு வாத்துக்குப் பாண் போடுறதே?"

அந்த முழங்கால் எப்படிப் போனது என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஐஸில் சறுக்கி விழுந்தது என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறார். விழவில்லை. வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டுகிற தொழிற்சாலையில், எட்டு வருடம் ஈரச் சீமெந்துத் தரையில் நின்றதால் போனது. அங்கே யார் எவ்வளவு வெட்டினார்கள் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் எங்கள் பொடியன்கள் கைகூடக் கழுவாமல் அந்தத் தாளுக்கு முன்னால்தான் போய் நிற்பார்கள். அப்பா பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோ வருவார். காலை மாற்றிப் போட்டு நிற்கிறதற்குக்கூட நேரத்தை வீணாக்கமாட்டார். நானும் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் நின்று வெட்டினேன். நானும் அந்தத் தாளைப் பார்க்கப் போனேன். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்தோம். தாள் மட்டும் எங்களோடு கூடவே வந்துவிட்டது. நீ ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே "அஞ்சு எடுத்தனான் அம்மா" என்றாய். இந்த நாட்டில் ஆறுதான் ஆகக்கூடிய புள்ளி. நான் கேட்ட முதல் கேள்வி, "ஆறு ஆர் எடுத்தது?" நீ தெரியாது என்றாய். நான் அதோடு விடவில்லை. செல்வராணி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, வேறு எதையோ கதைப்பதுபோல் கதைத்து, கபிலனுக்கு எத்தனை என்று அறிந்துகொண்டேன். அவனுக்கும் ஐந்துதான். அதன் பிறகுதான் உனக்குப் பாற்சோறு காய்ச்சினேன். நீ அதை ருசித்துச் சாப்பிட்டாய். ஏன் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது என்று கேட்கவில்லை.

இப்போது உன் மின்னஞ்சலின் கடைசிப் பந்திக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அதனால்தான். மற்ற எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். நீ இப்படி எழுதியிருந்தாய்: "நானே பதினொரு வயதில் இதே சிவப்புப் பாதையில் களைத்துப்போய்ப் பாதியில் திரும்பியவன். அதில் ஒரு வெட்கமும் இல்லை." இந்தக் கதையை உன் மாணவர்களுக்கும் இலையுதிர் காலத்தில் சொன்னதாகப் போன நத்தாருக்கு வந்தபோது சொன்னாய். கேட்டுக்கொண்டே நான் உன் தட்டில் சோற்றைப் போட்டேன். போதும் அம்மா, போதும் என்று நீ சொல்கிற வரைக்கும் போட்டேன்.

நீ களைக்கவில்லை, அகிலன். திரும்பியது நீ இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அந்தக் கோடையில் எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்த ஆனியில்தான் எனக்குப் பட்டம் கிடைத்தது. என் பக்கத்திலும் அப்பாவின் பக்கத்திலும் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற படிப்பை, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அந்நிய மொழியில் படித்து முடித்தேன். எங்கள் ஆட்கள் நல்ல மனதோடு பாராட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் "படிச்ச பிள்ளை" ஆகிவிட்டேன். கூட்டத்தில் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். திடீரென்று எல்லோரும் என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆடியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஒரு பஸ் பிடித்தார்கள். நீ இப்போது இருக்கிற அதே கிராமத்துக்குத்தான். அப்பாவுக்கு அன்று வேலை. பஸ் நிறுத்துமிடத்தில் பெரிய பலகை. அப்போதும் அதே நிறக்கோடுகள். கறுப்புக்கு அன்று யாரையும் விடவில்லை. ஆகவே சிவப்புத்தான் முதலாம் பிரிவு. நான் பச்சைப் பக்கம் நின்றேன். உண்மையாகவே அங்கேதான் நின்றேன். எனக்கு உயரம் என்றால் பயம். ஐந்தாம் மாடி பல்கனியில் துணி காயப்போடக்கூட அப்பாதான் போவார். செல்வராணி அக்கா சிவப்புப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன, படிச்ச பிள்ளை பச்சையிலை நிக்கிறா!" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உன் கையைப் பிடித்துச் சிவப்புப் பக்கம் வந்துவிட்டேன்.

நீ அன்று நடக்கவில்லை, பறந்தாய். ஆடி மாதத்தில் ஒரு பள்ளத்தில் கிடந்த பனியைக் கண்டுபிடித்து, தண்ணீர்ப் போத்தலுக்குள் அடைத்து எனக்குக் காட்டினாய். எதிரே வருகிற நோர்வேஜியர்கள் எல்லோரும் "ஹை" என்று சொல்வதைப் பார்த்து உனக்கு ஒரே சிரிப்பு. "ரெயினுக்கை முகத்தைப் பாக்காத ஆக்கள், மலையிலை மட்டும் கதைக்கினம் அம்மா" என்றாய். நான் கடைசியில் வந்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பிறகு அந்தச் சங்கிலி வந்தது.

இடம் உனக்குத் தெரியும். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை அதைத் தாண்டுகிறாய். ஒரு ஆள் போகிற அகலம். ஒரு பக்கம் பாறையும் சங்கிலியும், மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. நீ சங்கிலியைத் தொட்டும் தொடாமலும் போய், அந்தப் பக்கம் நின்று பார்த்து, திரும்பவும் என்னிடம் வந்தாய். "வாங்கோ அம்மா. நான் முன்னுக்குப் போறன், என்ரை முதுகை மட்டும் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றாய். பதினொரு வயது. நான் சங்கிலியைப் பிடித்தேன். பிடித்த கை விடவும் இல்லை, நகரவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலேயிருந்து வயதான ஒரு நோர்வேஜியத் தம்பதி இறங்கி வந்து, எங்களுக்காகப் பொறுமையாக நின்றார்கள். அந்தப் பெண், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேலை இடத்தில் மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பிறகே ஒரு வசனம் பேசுகிற நான், ஒரு பிழையும் இல்லாத நோர்வேஜிய மொழியில் உடனே சொன்னேன்: மகனுக்குக் கால் நோகிறது, நாங்கள் திரும்பப் போகிறோம்.

நீ என்னைப் பார்த்தாய். "எனக்கு நோகேல்லை" என்றாய்.

"நோகுது. சப்பாத்தைக் கழட்டு."

"இல்லை அம்மா, உண்மையா..."

"கழட்டு எண்டு சொன்னனான்."

கழற்றினாய். குதிக்காலில் ஒரு பயறு அளவுக்குச் சிவந்திருந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் தன் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டி, நீ கெட்டிக்காரன் என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். நீ அந்தப் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கத் தொடங்கியபோது முதலில் நன்றாகத்தான் நடந்தாய். நான் பின்னாலிருந்து உன் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் நொண்டத் தொடங்கினாய். நீ நடிக்கவில்லை. உனக்கு உண்மையாகவே நொந்தது. நான் சொன்னதால் நொந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைக்கு ஏலாமல் போச்சு என்றேன். யோகன் அண்ணை உன் முதுகில் தட்டி, "என்ன வீரா, அடுத்த முறை உன்னைப் பச்சையிலை தூக்கிக்கொண்டு போறன்" என்றார். கபிலன் மலைமுதுகில் பொறுக்கிய கல்லை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். நீ ஒரே ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாய். நான் மீன் ரோல்ஸ் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ஆம்பிளைப் பிள்ளை, ஒரு கொப்புளத்துக்குத் திரும்பி வாறதே?" என்றார். அப்போதுதான் நீ முதன்முதலாக அந்த வசனத்தைச் சொன்னாய். "களைச்சுப்போனன் அப்பா." நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அது என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யா, அல்லது நான் சொன்னதை நீயே நம்பிவிட்டாயா? அன்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போது முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதியிருப்பதைப் பார்த்தும் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் இனி வேண்டாம். அதற்குப் பிறகு நீ ஏறாத மலை இந்த நாட்டில் குறைவு. ஒவ்வொரு உச்சியிலிருந்தும் எனக்கு ஒரு படம் அனுப்புவாய். அது உன் விருப்பமாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன். என்னால் வந்ததாக இருக்கக்கூடாது.

உன் மாணவர்களுக்கு இனி அந்தக் கதையைச் சொல்லாதே. சொல்வதென்றால் சரியாகச் சொல். எங்கள் அம்மாவுக்குப் பயம் வந்தது, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று சொல். திரும்புவதில் வெட்கமில்லை என்று இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் வெட்கப்படுகிற மனிதர்களிடம் வெட்கம் இல்லை என்று எழுதி அனுப்பினால் போதும் என்று நினைக்காதே. நீ ஒரு கூட்டத்தைக் கூட்டிப் போகிறவன். ஆட்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். ஊரே பார்க்கக் கையை உயர்த்தச் சொல்லிவிட்டு, அவர்கள் உண்மை சொல்லவில்லை என்று சிரிக்கக்கூடாது. கறுப்பை அன்றைக்கு எடுத்துவிடு. சிவப்புக்கு யார் என்று நீயே ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துக் கேள். மூன்று சொல்லில் முடிக்காமல் கேள். பச்சைப் பாதைக்கு யாராவது புதுப் பொடியனை விட்டுவிட்டு நீ மேலே ஏறிவிடாதே. நீயே பச்சையில் நட.

முதலில் வேறொரு யோசனைதான் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியையும் சோற்றுப் பானையையும் ஏரிக்கரையில் வைத்துவிட்டால், சமையலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லிப் பாதிப் பேரை மரியாதையாகப் பச்சையில் இருத்திவிடலாம். அப்பாவை அடுப்புக்குப் பொறுப்பாக்கினால் அவரும் மறுக்கமாட்டார். செல்வராணி அக்கா உப்புப் பார்க்க நிற்பார். யாருக்கும் ஒரு குறையும் வராது. நல்ல யோசனைதான். ஆனால் உன் குதிக்காலில் பிளாஸ்டர் ஒட்டியதும் இதே மாதிரி ஒரு நல்ல யோசனைதான். எனக்கு இந்தக் கெட்டித்தனம் அலுத்துவிட்டது.

இவ்வளவையும் தட்டி முடித்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாக வாசிப்பார், உனக்குத் தெரியும். தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீரே திரும்பினது?"

"ஓம்."

"பன்னிரண்டு வருசம் சொல்லேல்லை."

"ஓம்."

"நான் பிள்ளையை அண்டைக்கு ஏசினனான்."

"ஓம். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "என்ரை முழங்காலைப் பற்றி எழுதினதை எடும்" என்றார்.

"எடுக்கமாட்டன்."

பல்கனிக்குப் போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். அனுப்புவதா விடுவதா என்று தெரியாமல் நான் கதிரையில் இருந்தேன். பல்கனிக் கதவு திறந்தே இருந்தது. கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற சத்தம். அதற்குள்ளால் அவருடைய குரல் வந்தது.

"அந்தப் பச்சை எத்தினை கிலோமீற்றர்?"

"மூண்டு."

"போய்த் திரும்பி வாறதோ, சுத்தி வாறதோ?"

"சுத்தி. ஏரியைச் சுத்தி."

"அப்ப இறக்கம் இல்லை."

"இல்லையப்பா."

"ம்" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் கழித்து, "முதல்லை உம்மடை பேரைப் போடச் சொல்லும். நான் உமக்குத் துணைக்கு வாறதெண்டு இருக்கட்டும்" என்றார்.

அகிலன், பச்சைக்கு இரண்டு பேரை எழுதிக்கொள். என் பெயரை முதலில் எழுது. எனக்குத் துணை வேண்டும் என்பது உண்மைதான்.